நேற்று என்ன மிச்சம்?

பெங்களூரில் இருந்த வேலை போய், மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும் பாளையங்கோட்டைக்கே திரும்பிவிட்டதாகச் சொல்லியிருக்கிறீர்கள். வருமானம் முன்பு இருந்ததில் பாதிகூட இல்லை. சிக்கனமாக இருந்து பார்க்கலாம் என்று இரண்டு மாதம் முயன்றதில் வீட்டில் சண்டைதான் கூடியிருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது, பிள்ளைகள் முகம் வாடாமல் இதைச் செய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தம்பி, நீங்கள் நிற்கிற இடத்தில் நானும் நின்றிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

1998-ல் என் கணவர் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். அடுத்த வேலை அமையப் பதினான்கு மாதம் ஆனது. அப்போது பெருமாள்புரத்தில் வாடகை வீடு. மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு நான்கு. முதல் மாதமே நான் ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு வரிசையாக வெட்டினேன். பேப்பர் வேண்டாம். பால் ஒரு லிட்டர் அரை லிட்டராகட்டும். காப்பி ஒரு வேளை போதும். சாயங்காலப் பலகாரம் கிடையாது. கணக்குப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் வந்தது. ஆனால் வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே பயமாக இருந்தது. மூன்றாவது மாதம் ஒருநாள் யாருக்கும் பொறுக்க முடியாமல் திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு ஓட்டலுக்குப் போனோம். அந்த மூன்று மாதமும் மிச்சம் பிடித்ததில் பெரும்பகுதியை ஒரே ராத்திரியில் சாப்பிட்டுத் தீர்த்துவிட்டு வந்தோம். திரும்பும்போது பஸ்ஸில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அடுத்த வாரம் சேரன்மகாதேவியிலிருந்து ஆச்சி வந்தாள். என் தாளை அவளிடம் காட்டினேன். அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு அடுக்களைக்குள் போய் ஒவ்வொரு ஏனமாகத் திறந்து பார்த்தாள்.

“ஏட்டி, நேத்து என்ன மிச்சம்?”

“சாம்பார் கொஞ்சம் கெடந்துச்சு ஆச்சி, கொட்டிட்டேன்.”

“முந்தா நாளு?”

எனக்கு ஞாபகம் இல்லை. “வாங்குறதுக்கு எல்லாம் கணக்கு எழுதி வச்சிருக்க, கொட்டுறதுக்கு எழுதலியே” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

ஆகவே முதல் மாதம் எதையும் குறைக்காதீர்கள். பால், காப்பி, பிள்ளைகளின் பலகாரம் எல்லாம் இருக்கிறபடியே இருக்கட்டும். அடுக்களைச் சுவரில் ஒரு காலண்டரை மாட்டி, அன்றன்று குப்பைக்குப் போனதை மட்டும் எழுதுங்கள். என் வீட்டில் அந்த மாதம் எழுதியது இன்னும் நினைவிருக்கிறது. பூசணம் பிடித்த தேங்காய் மூடி மூன்று, புளித்துப்போன தோசை மாவு இரண்டு தரம், சாம்பார் ஐந்து நாள், வாடிப்போன மல்லித்தழையும் கீரையும் ஏழெட்டுக் கட்டு, வண்டு விழுந்த பயறு அரைக் கிலோ. என் தாளில் நான் வெட்டி மிச்சம் பிடிக்க நினைத்த பணத்தில் பாதிக்கு மேல் இதிலேயே இருந்தது. குப்பைக்குப் போவதை நிறுத்தினால் வீட்டில் யாருக்கும் எதுவும் குறையாது. குறையாததற்கு யாரும் சண்டை போட மாட்டார்கள். உங்கள் வீட்டில் இரண்டு மாதமாக நடந்த சண்டைக்குக் காரணம், தொடங்கிய இடம் தவறிப்போனதுதான் என்று நினைக்கிறேன்.

எழுதத் தொடங்கினால் கை தானாகவே மாறும். தேங்காயை உடைத்ததும் கண் உள்ள மூடியை முதலில் எடுப்பீர்கள், அதுதான் சீக்கிரம் கெடும். மாவு புளித்தால் ஈருள்ளியும் (சின்ன வெங்காயம்) பச்சை மிளகாயும் நறுக்கிப் போட்டுக் குழிப்பணியாரம் ஊற்றுவீர்கள். பீர்க்கங்காயைச் சீவினால் தோலை வதக்கித் துவையல் அரைப்பீர்கள். நம் பக்கம் ஆற்றங்கரை நெடுக வாழை. பூவும் தண்டும் மலிவாகக் கிடைக்கும். அவற்றை நறுக்க நேரம் பிடிக்கிறது என்பதால்தான் விட்டுவிட்டோம். இப்போது உங்களிடம் பணத்தைவிட நேரம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். இருவரும் உட்கார்ந்து வாழைப்பூவில் கள்ளன் என்கிற வேகாத நரம்பை எடுத்துக்கொண்டே பேச வேண்டியதைப் பேசிவிடலாம்.

சுண்டக்கறி தெரியும்தானே? கல்யாண வீட்டில் மிஞ்சிய சாம்பார், கூட்டு, பொரியல், புளிக்குழம்பு எல்லாவற்றையும் ஒரே மண்சட்டியில் போட்டுச் சின்னத் தீயில் சுண்டச் சுண்டக் காய்ச்சுவார்களே, அதுதான். பொங்கலுக்கு மறுநாளும் நம் ஊரில் பல வீட்டில் உண்டு. வீட்டளவில் வாரத்துக்கு ஒரு தரம் செய்யலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள். தயிரோ மோரோ தேங்காய்ப்பாலோ சேர்ந்தது எதையும் அதில் போடக் கூடாது. நம் வெயிலுக்கு மத்தியானம் வைத்த அவியல் ராத்திரிக்குள் கெட்டுவிடும். மிஞ்சியதை அன்று சாயங்காலமே ஒரு கொதி கொதிக்க வைத்து எடுத்து வைக்க வேண்டும். கெட்டுப்போனதைத் தின்று ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு வருஷம் மிச்சம் பிடித்ததும் போய்விடும். சுண்டி, எண்ணெய் ஓரத்தில் பிரிந்து, கரண்டியில் ஒட்டுகிற பதத்தில் இறக்கி, மறுநாள் காலையில் பழையதுக்குத் தொட்டுக்கொண்டு பாருங்கள். முதல் நாள் சாம்பாரைவிட அது ருசியாக இருக்கும். கொட்டியிருக்க வேண்டியது அது என்பதை என் மகள் நம்பவே இல்லை.

பழையதுக்கு அரிசி முக்கியம். பெங்களூரில் மெல்லிசு அரிசி சாப்பிட்டுப் பழகியிருப்பீர்கள். விலையும் அதிகம், தண்ணீரில் ஊறினால் குழைந்தும் போகும். அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் கொடுத்த அம்பை 16 மாதிரியான குண்டரிசி வாங்குங்கள். ராத்திரி வடித்த சோற்றில் தண்ணீர் ஊற்றி மண்பானையில் மூடி வைத்தால், காலையில் சோறு பருக்கை பருக்கையாக நிற்கும், நீத்தண்ணி லேசாகப் புளித்திருக்கும். மோர் விட்டு, உப்புப் போட்டு, உரித்த உள்ளி நாலு, ஒரு மோர் மிளகாய். பங்குனி, சித்திரை மாதக் காலையில் இதற்கு ஈடாக என்ன பலகாரம் இருக்கிறது? காலை நேரத்து கேஸ் செலவும் இல்லை. பிள்ளைகளுக்கு முதலில் கும்பாவில் போட்டுக் கொடுக்காதீர்கள், கையில் உருட்டிக் கொடுங்கள். உங்கள் தட்டிலிருந்து கேட்டு வாங்குவார்கள்.

அடுத்தது, வருஷத்துக்கு ஒரு தரம் வாங்குவது. இதைத்தான் நம் ஊரில் செட்டாகக் குடும்பம் நடத்துவது என்று சொல்வார்கள். இது நிதானமாகச் சொல்ல வேண்டிய விஷயம். தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என்று இரண்டு போகம். பிசான நெல் அறுப்பு முடிந்து மாசி, பங்குனியில் புது அரிசி வரும். அதே சமயம் புதுப் புளி வரும், மிளகாய் வத்தல் வரும், மல்லியும் வந்துவிடும். அதற்குச் சற்று முன்னால், தை மாதம், கரிசல் பக்கத்திலிருந்து உளுந்து வந்திருக்கும். பலசரக்குக் கடையில் மாதா மாதம் கால் கிலோ, அரைக் கிலோ என்று வாங்கும்போது கொடுக்கிற விலைக்கும் அந்தச் சமயத்தில் மொத்தமாக எடுக்கிற விலைக்கும் நல்ல வித்தியாசம் இருக்கும். சரக்கும் புதிது. புளியைக் கொட்டை எடுத்து, வெயிலில் போட்டு, கல்லுப்புச் சேர்த்துப் பரணியில் அழுத்தி வைத்தால் அடுத்த மாசி வரைக்கும் கவலை இல்லை. புது அரிசி குழையும் என்பது உண்மை. ஆறு மாதம் வீட்டில் கிடந்தால் அதுவே பழைய அரிசியாகிவிடும், கடையில் பழைய அரிசிக்கு நீங்கள் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை.

ஆனால் முதல் வருஷமே எல்லாவற்றையும் மொத்தமாக வாங்க வேண்டாம். நான் ஆவேசத்தில் 75 கிலோ மூட்டை ஒன்றை இறக்கி, சரியாகக் காய வைக்காமல் தகரத்தில் கொட்டி, ஆடி மாதம் வண்டு கிளம்பி, புடைத்துப் புடைத்துக் கை வலித்தது. முன்காலத்தில் தானியம் சேர்த்து வைக்கிற குலுக்கை இருந்தது, வேப்பிலை போட்டு மூடி வைத்தார்கள், வெயிலில் காய வைக்கக் களம் இருந்தது. வாடகை வீட்டில் மாடி இருந்தால் சரி, இல்லாவிட்டால் அரிசியை மூன்று மாதத்துக்கு மேல் சேர்க்காதீர்கள். புளியும் மிளகாய் வத்தலும் மட்டும் இந்த மாசியில் வாங்கிப் பாருங்கள். அதற்கான பணத்தை மாதம் கொஞ்சமாக இப்போதே ஒதுக்க வேண்டும். மாசி, பங்குனியில் செலவு கூடும், மற்ற பத்து மாதத்தில் பலசரக்குச் சிட்டை சிறுத்துப்போகும்.

ரேஷன் கடைக்குப் போகக் கூச்சமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கூச்சப்படாதீர்கள். அரிசி கார்டுக்கு 2011 ஜூன் மாதத்திலிருந்து அரிசிக்கு விலையே இல்லை. துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். அந்தப் புழுங்கல் அரிசியில் இட்லி நன்றாகவே வரும், நான்கு பங்குக்கு ஒரு பங்கு நல்ல உளுந்து போடுங்கள். பருப்பு வேக நேரமாகும், முன்கூட்டியே அரை மணி நேரம் ஊற வையுங்கள். காய்கறிக்கு மகாராஜநகர் உழவர் சந்தை உங்களுக்குப் பக்கம்தான். அன்றைய விலையைப் பலகையில் எழுதியிருப்பார்கள். அதைப் படித்துவிட்டு, எது மலிவோ அதைச் சமையுங்கள். இன்ன குழம்பு என்று முடிவு பண்ணிக்கொண்டு போனால் அதற்கான காயை என்ன விலைக்கும் வாங்க வேண்டியிருக்கும்.

மின்சாரத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கணக்கெடுப்பு இரண்டு மாதத்துக்கு ஒரு தரம். 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101-லிருந்து 200 வரை குறைந்த கட்டணம். 500-ஐத் தாண்டிவிட்டால் அந்தக் குறைந்த படி கிடையாது, அந்த நூறு யூனிட்டுக்கும் இரண்டு மடங்கு விழும். ஆகவே ஒரு மாதம் முடிந்ததும் மீட்டரைப் போய்ப் பாருங்கள், 250-ஐத் தாண்டியிருந்தால் அடுத்த மாதம் கவனமாக இருக்கலாம். சாதாரண மின்விசிறி 75 வாட் அளவு இழுக்கும், பிஎல்டிசி என்கிற புது வகை விசிறி 30 வாட். நம் ஊரில் ஒரு நாளைக்குப் பதினான்கு மணி நேரம் ஓடும் என்று வைத்தால், ஒரு விசிறிக்கே இரண்டு மாதத்தில் 38 யூனிட் குறையும். பழைய விசிறி கெட்டுப்போகும்போது மாற்றுங்கள், நன்றாக ஓடுவதைக் கழற்றிப் போட வேண்டாம். தவணையில் வாங்கவே வேண்டாம்.

சில செலவுகளில் கை வைக்காதீர்கள். நல்லெண்ணெய் செக்கில் ஆட்டியதாகவே இருக்கட்டும், அளவைக் குறைத்துக்கொள்ளலாம். கருப்பட்டி விலை அதிகம்தான். அதற்காகச் சீனி கலந்த மலிவுக் கருப்பட்டி வாங்காதீர்கள். உடன்குடிப் பக்கத்து நல்ல கருப்பட்டியை வாரம் இரண்டு நாள் மட்டும் காப்பிக்குப் போடுங்கள். அந்த இரண்டு நாளையும் வீடே எதிர்பார்க்கும். பிள்ளைகளின் செருப்பு, கண், பல் இவற்றில் தள்ளிப்போடுவது பின்னால் பெரிய செலவாகும். வீட்டு வேலைக்கு வருகிற அம்மாவுக்குச் சம்பளத்தைக் குறைக்காதீர்கள். கொடுக்க முடியாவிட்டால் நேராகச் சொல்லி வேலையை நீங்களே செய்துகொள்ளுங்கள். சொல்லாமல் யாராவது வந்துவிட்டால் ஒரு வாய் சாப்பாடு போட வழி இல்லாத அளவுக்கு இறுக்கிப் பிடிக்காதீர்கள். அதற்கு ஒரு கை வத்தலும் ஒரு டம்ளர் மோரும் போதும்.

வத்தல் என்றதும் பிள்ளைகள் விஷயம். ஏழையாகிவிட்டோம் என்று நினைப்பார்களோ என்ற பயம்தான் உங்கள் கேள்வி முழுக்க இருக்கிறது. என் அனுபவத்தில், பிள்ளைகளுக்குப் பண விஷயம் புரியாது. அப்பாவும் அம்மாவும் ரகசியமாகப் பேசிக்கொள்வது மட்டும் நன்றாகப் புரியும், அதில்தான் பயந்துபோகிறார்கள். எட்டு வயதுக்கு மேல் ஆகியிருந்தால் உட்கார வைத்துச் சொல்லுங்கள்: அப்பா சம்பளம் இப்போ குறைவு, சாப்பாட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் குறையில்லை, மற்றதைப் பார்த்துப் பார்த்துச் செய்யப் போகிறோம். அப்புறம் அவர்கள் கையில் உண்மையான வேலை ஒன்றைக் கொடுங்கள். சித்திரை வெயிலில் எங்கள் வீட்டில் சீனியவரைக்காயை (கொத்தவரங்காய்) உப்புத் தண்ணீரில் ஒரு கொதி விட்டுக் காயப் போடுவோம். சுண்டைக்காயைக் கீறி, புளித்த மோரில் ஊற வைத்து, பகலில் காய வைத்து, ராத்திரி திரும்ப அதே மோரில் போட்டு, மோர் முழுக்க இழுக்கிற வரைக்கும் நான்கைந்து நாள் செய்வோம். மாடியில் காக்கை விரட்டுவது பிள்ளைகள் பொறுப்பு. ஒரு குடை, ஒரு பனையோலை விசிறி, ஒரு செம்புத் தண்ணீர். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் ஏறி வந்துவிடுவார்கள். பாதி காய்ந்த வத்தலில் கொஞ்சம் வாய்க்குள் போகும், போகட்டும். மழைக்காலத்தில் அதை வறுத்துத் தட்டில் போடும்போது, இது நான் காக்கை விரட்டினது என்று என் மகன் எண்ணி எண்ணிச் சாப்பிடுவான்.

பாக்கெட் தின்பண்டத்தைத் தடை பண்ண வேண்டாம். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அடுப்பில் காணம் (கொள்ளு) வெந்துகொண்டிருக்கிற வாசனை இருந்தால் கடைக்குப் போகிற ஞாபகம் குறையும். தை மாதம் பனங்கிழங்கும் சிறுகிழங்கும், சித்திரையில் நுங்கு. அல்வாவையும் விட வேண்டாம். கிலோக் கணக்கில் வாங்கிப் பிரிட்ஜில் வைப்பதை விட்டுவிட்டு, மாதம் ஒரு நாள் டவுனுக்குப் போய் நூறு கிராம் சூடாக வாங்கி நால்வரும் பங்கு போட்டுச் சாப்பிடுங்கள். அப்படியே நெல்லையப்பர் கோவிலுக்குள் போய் இசைத் தூண்களைக் காட்டுங்கள். 2021-லிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் காசு கிடையாது, அதனால் போக்குவரத்தும் பாதிச் செலவுதான். குளிர்காலத்துக்குப் பின்னால் கூந்தன்குளம் போனால், ஊருக்குள்ளேயே வீட்டு மரங்களில் நாரைகள் கூடு கட்டியிருப்பதைப் பார்க்கலாம். பறவை பயந்துவிடும் என்று அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. இதைச் சொன்னால் பிள்ளைகள் ஆயிரம் கேள்வி கேட்பார்கள். ஆற்றுக் குளியலுக்கு மட்டும் நகரத்துக்குள் இறங்காதீர்கள், சாக்கடை கலக்கிறது. பாபநாசம் பக்கம் போங்கள்.

உங்கள் மனைவி கூட்டுக்கும் குழம்புக்கும் மண்சட்டி வாங்கலாமா என்று கேட்டதாகக் கடைசியில் எழுதியிருந்தீர்கள். தாராளமாக வாங்கலாம். சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் காருகுறிச்சியில் செய்கிற சட்டிகள் நல்ல கனமாக இருக்கும். விரலால் சுண்டிப் பார்த்து, கணீர் என்று சத்தம் வருவதாக எடுங்கள். வாங்கியதும் அடுப்பில் ஏற்றிவிடக் கூடாது. முதல் நாள் முழுக்கத் தண்ணீரில் முக்கி வையுங்கள். மறுநாளிலிருந்து ஒரு வாரம், சோறு வடித்த கஞ்சியையோ அரிசி கழுவிய கழுநீரையோ ராத்திரி ஊற்றி வைத்துக் காலையில் கழுவிக் காய வையுங்கள். பிறகு கொஞ்சம் எண்ணெய் தடவி, நறுக்கிய உள்ளியைப் போட்டுச் சின்னத் தீயில் வதக்கிக் கொட்டிவிட்டால் மண் வாடை போய்விடும். எல்லாமாகப் பத்து நாள் ஆகும். அதுவரைக்கும் சுண்டக்கறியை அடி கனமான பாத்திரத்தில் வையுங்கள்.